நாற்பது கடிதம், முப்பத்தொரு நொடி

அந்த வீடியோ கேமில் வரும் வீரன் கடைசியில் அரக்கனைக் கொன்றானா, இல்லை அரக்கன் அவனைத் தின்று ஏப்பம் விட்டானா என்று என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அவள் கையில் வீரன் மூன்றாவது ஊரைத் தாண்டியதே இல்லை. அந்த ஊரில் ஒரு தபால் நிலையம். உள்ளே போனால் மீசைக்கார அதிகாரி ஒருவர் கொஞ்சம் ஒத்தாசை செய்யச் சொல்லுவார். நாற்பது கடிதங்கள் ஒவ்வொன்றாக மேசையில் வந்து விழும். நான்கு நிறம், நான்கு பெட்டி, நான்கு பொத்தான். பிரித்துப் போட்டால் ஒரு ஜோடி பூட்ஸ் பரிசு. விளையாடுகிற மற்றவர்கள் எல்லாம் ஒரு தடவை பிரித்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு அரக்கனைத் தேடிப் போய்விடுவார்கள். பெரிய விளையாட்டுக்குள் ஒரு குட்டி விளையாட்டு, அவ்வளவுதான். என் மனைவி ஒன்பது வருடமாக அந்தத் தபால் நிலையத்திலேயே வேலை பார்க்கிறாள்.

சம்பளம் வருகிற வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை ஷிஃப்ட். வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக அழுக்குத் துணி வரும். வெள்ளை விரிப்பு ஒரு தொட்டியில், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி ஒரு தொட்டியில், நோயாளிகளின் நீல அங்கி ஒன்றில், ரத்தம் பட்டதெல்லாம் சிவப்புப் பையில். இப்படிப் பிரிப்பதுதான் அவள் வேலை. "அங்கயும் நாலு, இங்கயும் நாலு. உனக்கு அலுக்கவே அலுக்காதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அங்க நாத்தம் வரும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு டிவி முன்னால் உட்காருவாள். ஐந்தரைக்கு எழுந்திருப்பாள். நான் குழாய் ரிப்பேர் செய்பவன். எனக்கு மத்தியானங்களில் வேலை குறைவு. அதனால் இந்தக் கூத்தை முழுக்கப் பார்த்த ஒரே சாட்சி நான்தான். மற்றவர்கள் கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். இவள் அதை மேசையில் மல்லாக்க வைத்து, தட்டெழுத்து அடிப்பதுபோல் இரண்டு விரலால் தட்டுவாள். நகம் பொத்தானில் பட்டு டக் டக் என்று சத்தம் வரும். நகம் வெட்டிக்கொள்ளக்கூட அவளுக்கு நினைவு இருப்பதில்லை. சலவைக்கூடத்தில் கையுறைக்குள் இருக்கிற நகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்த நாற்பது கடிதத்தை யார் சீக்கிரம் பிரிக்கிறார்கள் என்று போட்டி போடுவதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. உலகம் பூராவும் சேர்த்தால் முப்பது பேர் தேறுவார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கணக்கு வாத்தியார். முகம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வீடியோவில் திரையும் தெரிய வேண்டும், இரண்டு கையும் தெரிய வேண்டும். பட்டியலில் முதல் இடம் ஆறு வருடமாக இவளுக்கு. முப்பத்தொரு நொடி, அதற்கு மேல் நொடியில் நூறில் நாற்பது பங்கு. அங்கே இவள் பெயர் 'பூச்சி'. வாயில்லாப் பூச்சியின் சுருக்கம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் சாதனையை இன்னொருவர் முறியடித்துவிட்டதாக வீடியோ அனுப்பினால், தோற்றவர்தான் அதைச் சரிபார்க்க வேண்டும். நொடிக்கு அறுபது படம் வீதம் வீடியோவைப் பிரித்து, முதல் கடிதம் விழுவதிலிருந்து கடைசிக் கடிதம் பெட்டிக்குள் போவது வரை ஒவ்வொரு படமாக எண்ணி, 'செல்லும்' அல்லது 'செல்லாது' என்று எழுத வேண்டும். வயிற்றெரிச்சல் உள்ளவன் கண்ணுக்கு ஒரு படம்கூடத் தப்பாது அல்லவா? ஏமாற்றுகிறவனைப் பிடிக்க அதைவிட நல்ல போலீஸ் கிடையாது. எண்ண மனசில்லாதவர் பதினைந்து நாள் சும்மா இருந்துவிடலாம்; பிறகு வேறு யாராவது எண்ணுவார்கள். யார் எண்ணினார்கள் என்ற பெயரும் பக்கத்திலேயே வரும்.

இவள் விளையாடும் விதத்தில் ஒரு கோணல் உண்டு. தபால் நிலைய மேசையில் ஒரு சின்ன மணி இருக்கும். சும்மா அழகுக்கு வைத்தது. தட்டினால் டிங் என்று ஒலிக்கும், அவ்வளவுதான். இவள் முதல் கடிதம் விழுந்ததும் அந்த மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பிரிக்க ஆரம்பிப்பாள். அதற்கு இருபத்தெட்டுப் படம் வீண், கிட்டத்தட்ட அரை நொடி. பல் டாக்டர் பல தடவை எழுதிவிட்டார், அம்மா தாயே, அந்த மணியை விட்டுவிடுங்கள், முப்பத்தொன்றுக்குக் கீழே போய்விடுவீர்கள் என்று. இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

மணி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இவளுக்கு ஓர் அக்கா, நாலு வயது மூத்தவள். இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஒரு கேம் பெட்டி. ஒருத்தி ஆடுவாள், இன்னொருத்தி அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நொடிமுள்ளைப் பார்ப்பாள். டிவியையும் முள்ளையும் ஒரே கண்ணால் எப்படிப் பார்ப்பது? அதனால் ஆடுகிறவள் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டதும் மற்றவள் எண்ண ஆரம்பிப்பாள். அது அவர்கள் வீட்டுச் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. பெரியவள் போட்டது. இவள் பத்து விரலையும் விரித்து முன்னும் பின்னும் காட்டி, நகம் வெட்டியிருக்கிறது என்று நிரூபித்தால்தான் கன்ட்ரோலர் கைக்கு வரும். நகம் நீளமாக இருந்தால் பொத்தான் தேய்ந்துவிடுமாம். பூச்சி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

பெரியவளின் வலது ஆள்காட்டி விரல் நுனி தட்டையாக இருக்கும், நகம் இரண்டாகப் பிளந்து. இவளுக்கு எட்டு வயதில், ஏதோ சண்டையில் இவள் இரும்பு பீரோவின் கதவை ஓங்கிச் சாத்தியதன் விளைவு. அதற்குப் பிறகு பெரியவள் நடுவிரலாலும் மோதிர விரலாலும் ஆடப் பழகிக்கொண்டாள். அப்படியும் இவளை ஜெயிப்பாளாம். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் இவளே சிரித்துச் சிரித்துச் சொன்னது. அப்போது இவளுக்குச் சிரிக்கத் தெரியும்.

என் மாமியார் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டது இவள். பெரியவள் வெளியூரில் வேலை. வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அங்கே அவளுக்கு ஆயிரம் தலைவலி. ஆனால் இரண்டு வருடம் மலம் அள்ளியவளுக்கு நியாயம் வேறு மாதிரித் தெரியும். கடைசி நாளில் டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். "அக்காவுக்குப் போன் பண்ணவா?" என்று நான் கேட்டேன். "நான் பண்றேன்" என்றாள். பண்ணவில்லை. எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு பண்ணினாள்.

மறுநாள் பெரியவள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "அம்மா மூஞ்சியை எனக்குக் காட்டலையே நீ" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். வந்த ஆட்டோ இன்னும் திரும்பியிருக்கவில்லை. அதிலேயே ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் மனைவிக்கு எதிலும் சுரணையில்லாமல் போனது. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சாப்பிடுவாள், வேலைக்குப் போவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். நான் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து கிடந்தபோது, மணி என்ன என்று கேட்கிற குரலில் "வலிக்குதா?" என்று கேட்டாள். சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் தீப்பிடித்து எல்லோரும் வெளியே ஓடியபோது, மேனேஜர் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுக்கும் வரை துணி பிரித்துக்கொண்டிருந்தாளாம். "புகை வந்துச்சு, பாத்தேன்" என்றாள் என்னிடம். அடைத்த குழாய் எத்தனையோ திறந்திருக்கிறேன். என் வீட்டு அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் கை வைக்கத் தெரியவில்லை.

அந்த மாதம்தான் பரணிலிருந்து பழைய கேம் பெட்டியை இறக்கினாள்.

போன வருடம், இவளுக்குத் தெரியாமல், பெரியவளுக்கு நான் போன் செய்தேன். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்களே, அந்த நம்பிக்கையில். "எப்படி இருக்கா?" என்றாள். "இருக்கா. அந்தத் தபால் ஆபீஸ் கேம்தான் பொழுதுக்கும். அதுல ஏதோ உலக சாதனையாம்" என்றேன். "சரிங்க, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாள். சரிதான், சதையும் ஆடவில்லை, ஒன்றும் ஆடவில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கும்போது, அந்த இணையப் பக்கத்தில் புதிதாக ஒருவரின் வீடியோ வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி. நேரம் முப்பத்தொன்று, இருபத்தேழு. வழக்கப்படி எண்ண வேண்டியது இவள்.

நான் சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் டிங் என்று மணிச் சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தானே என்று திரும்பவில்லை. மறுபடி டிங். மறுபடி. ஐந்தாறு தடவை கேட்ட பிறகு எட்டிப் பார்த்தேன். இவள் கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. அடுத்தவர் வீடியோவின் முதல் நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்கிறாங்க" என்றாள்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். திரையின் மூலையில் இரண்டு கை. மேசையில் மல்லாந்து கிடக்கும் கன்ட்ரோலர். நடுவிரலும் மோதிர விரலும் பொத்தான்களின் மேல். வேலையில்லாமல் தூக்கி நிற்கிற ஆள்காட்டி விரல், நுனி தட்டையாக.

"நீங்க சொன்னீங்களா?"

"ஒரு தடவை போன் பண்ணேன். கேம் ஆடறேன்னு மட்டும் சொன்னேன். திட்டணும்னா திட்டு."

திட்டவில்லை. எண்ண ஆரம்பித்தாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு படம். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு படம் நகரும். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கை. மூன்றரைக்கு உட்கார்ந்தவள் ஆறே முக்காலுக்கு முடித்தாள். ஒரு வருடத்துக்குள் இந்த வேகம் வர வேண்டுமென்றால், அந்த அம்மாள் வேலையும் பார்த்துக்கொண்டு தினம் எத்தனை மணி நேரம் தட்டியிருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கு எனக்கே நம்பும்படி இல்லை.

'செல்லும்' என்று எழுதினாள். குறிப்பு எழுத ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஏதாவது எழுதுவாள் என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாகவே அனுப்பினாள். ஆறு வருட முதல் இடம் போயிற்று.

"ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

"என்னன்னு எழுத? மன்னிச்சிருன்னா? அம்மா மூஞ்சிக்கு அது ஈடாகுமா?"

ஒன்பது வருடத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதையும் உலர்ந்த துணியை மடித்து வைப்பதுபோல் சொன்னாள். எனக்குக் கோபமாக வந்தது. அக்காவும் தங்கையும் சரியான பிடிவாதக் கட்டைகள். நடுவில் நான் ஒருவன் மண்டை காய்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அடுத்த நாளிலிருந்து ஆட்டம் மாறியது. முன்பெல்லாம் பொழுதைப் போக்க ஆடினாள். இப்போது ஜெயிக்க ஆடினாள். காரணம் எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. இவள் ஜெயித்தால், தோற்ற புள்ளிதான் எண்ண வேண்டும். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படமும் இவள் கையைப் பார்த்தாக வேண்டும். போனில் பேச வாய் வராதவளுக்கு வேறு வழி இல்லை. பார்க்க இஷ்டமில்லையென்றால் பெரியவள் பதினைந்து நாள் சும்மா இருந்துவிடலாம், வேறு பெயர் வந்து நிற்கும். அப்படி வந்தால் கதை அத்தோடு முடிந்தது. அது இவளுக்கும் தெரியும்.

மூன்று வாரம் போனது. முப்பத்தொன்று ஐம்பது, முப்பத்தொன்று நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு. நகம் பொத்தானில் டக் டக். ஒரு புதன்கிழமை, கை தவறியோ வேண்டுமென்றோ, மணி அடிக்காமல் ஆரம்பித்தாள். கடிதங்கள் பறந்தன. திரையில் முப்பது, எண்பத்துமூன்று என்று வந்தது. உலகத்தில் யாரும் முப்பத்தொன்றுக்குக் கீழே போனதில்லை. நான் கை தட்டியே விட்டேன்.

"அனுப்பு! அனுப்பு!"

அழித்துவிட்டாள்.

"என்ன பைத்தியக்காரத்தனம்? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்லுவாங்க. நீ வாய் வரைக்கும் வந்ததைத் துப்பறே!"

"மணி அடிக்கலை."

"மணி அடிக்கலைன்னா என்ன?"

"மணி அடிக்கலைன்னா அவ எங்கேர்ந்து எண்ணுவா?" என்றாள்.

படத்தை வைத்துத்தானே எண்ணுகிறார்கள், மணிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரை வந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, மணியோடு, முப்பத்தொன்று பதினெட்டு. அக்காவைவிட ஐந்து படம் குறைவு. ஐந்து படம் என்றால் கண் சிமிட்டக்கூடப் போதாது. அனுப்பினாள்.

மறுநாள் பதில் இல்லை. ஒரு வாரம் ஆனது. பல் டாக்டர், வேண்டுமென்றால் நான் எண்ணட்டுமா என்று எழுதினார். "பதினஞ்சு நாள் இருக்கு" என்று பதில் எழுதினாள். பத்தாம் நாள் சலவைக்கூடத்தில் பச்சைத் துணியைச் சிவப்புப் பையில் போட்டுவிட்டாள் என்று மேனேஜரே போன் செய்து, "உடம்பு சரியில்லையா அவங்களுக்கு? இப்படிச் செய்ய மாட்டாங்களே" என்றார். எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் சந்தோஷம். தப்புச் செய்கிறாள் என்றால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

பதினான்காம் நாள் மத்தியானம் அவள் டிவி முன்னால் உட்காரவே இல்லை. சமையலறையில், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீங்க பாருங்க" என்றாள்.

நான் பக்கத்தைத் திறந்தேன். நேரம்: 31.18. செல்லும். எண்ணியவர் என்ற இடத்தில் ஒரு புள்ளி.

குறிப்புப் பெட்டியில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். இதில் நம் மொழியில் ஒரே ஒரு வரி இருந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

"நகத்தை வெட்டித் தொலைடி, பூச்சி."

பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து திரையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள், ஏதோ புதிதாக முளைத்ததைப் பார்ப்பதுபோல். "நகவெட்டி எங்க இருக்கு?" என்றாள். என் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, பத்து விரலையும் ஒட்ட வெட்டினாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண்ணிலிருந்து கொட்டியது. ஊர்க் குழாயெல்லாம் அடைக்கிறவனுக்குத் தன் குழாயை அடைக்கத் தெரியவில்லை.

வெட்டி முடித்ததும் காமிராவைப் போட்டாள். கன்ட்ரோலரைத் தொடவில்லை. பத்து விரலையும் விரித்து காமிரா முன்னால் நீட்டினாள். முன்பக்கம் காட்டினாள், திருப்பிப் பின்பக்கம் காட்டினாள். கீழே இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள், யாரோ சரி என்று சொல்வதற்காக.